சினையாட்டுக்குச் சர்க்கரை பார்த்த கதை

தேள் விஷம் உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். கொட்டினால் என்ன செய்வது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். இதை நான் தெரிந்துகொண்டது மாமாவின் ஊரான எப்போதும்வென்றானில், ஒரு சினையாட்டின் முன்னால்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். விலங்கியலில் எம்.பில். படித்துக்கொண்டிருந்தேன். தேள் விஷம் எலிகளின் ரத்தச் சர்க்கரையை எப்படி ஏற்றுகிறது என்பது என் ஆய்வு. (எலியைப் பிடிப்பது என் தோழி. எனக்கு எலி என்றால் பயம்.)

லீவில் கோவில்பட்டி வீட்டில் இருந்தபோது மாமா போன் செய்தார்.

"ஏட்டி, கரிசல் வெடிப்புக்குள்ள கெடந்த தேளு சினையாட்டக் கொட்டிட்டு. நீ தேளுக்குத்தான படிக்குத? ஒடனே வா."

"மாட்டு டாக்டரு?"

"அவிய வேற ஊருக்குப் போயிருக்காவ. வாரதுக்குள்ள செத்துட்டுன்னா?"

சர்க்கரை பார்க்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். காலியிடம் இருந்தும் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்தபடி கடலைமிட்டாயாகத் தின்று தீர்த்தேன். இறங்கும்போது பாக்கெட் காலி, பதற்றம் மட்டும் அப்படியே இருந்தது.

ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. என்னைக் கண்டதும் மூன்று காலில் ஓடியது. மாமாவும் நானும் தொழுவத்தைச் சுற்றிச் சுற்றித் துரத்திப் பிடித்தோம். காதில் ஊசியால் குத்தி, விரலால் பிதுக்கி ரத்தம் எடுத்தேன். கருவி எண்ணே காட்டவில்லை. அளவுக்கு மிஞ்சிவிட்டது என்றது.

"விஷத்தால அட்ரினலின் கூடுது மாமா. அது ஈரல்ல இருக்க சர்க்கரையெல்லாம் ரத்தத்துல கொட்டுது. இன்சுலினையும் சுரக்க விடாது."

"செத்துருமாட்டி?"

மாமா ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். மழைக்காலத்துச் சீக்கில் மற்ற ஆடெல்லாம் போய், மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

"இன்சுலின் போட்டாப் பொழைச்சிரும்" என்றேன், தினம் நாலு ஆட்டுக்குப் போடுகிறவள் மாதிரி.

அத்தைக்குச் சர்க்கரை நோய். மருந்தும் ஊசியும் வீட்டிலேயே இருந்தன. "எனக்குப் போடுதத ஆட்டுக்கா?" என்று முணுமுணுத்தபடி எடுத்துக் கொடுத்தாள். நான் மருந்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது டாக்டர் பைக்கில் வந்து இறங்கினார். ஊசியைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். பிசுபிசுத்த என் விரல்களைப் பார்த்தார்.

"என்னம்மா தின்ன?"

"கடலைமிட்டாய், சார்."

கையைக் கழுவி, ஆட்டின் காதையும் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னார். கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

"ரெண்டு பேரு தொரத்துனா ஆட்டுக்கு அட்ரினலின் ஏறத்தான செய்யும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஊசியப் போட்டிருந்தா சர்க்கரை ஒரேயடியா எறங்கி, தாயும் குட்டியும் சேந்து போயிருக்கும்மா" என்றார்.

என் கையிலிருந்த ஊசியை அத்தைதான் வாங்கி வைத்தாள். டாக்டர் வலிக்கு மருந்து போட்டார். சாயங்காலம் ஆடு நாலு காலையும் ஊன்றி இரை எடுத்தது. நான்தான் மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், அடுத்த பஸ் வரும்வரை ரோட்டுக்கும் தொழுவத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

அந்த ஆடு ஒரு கிடாக்குட்டி போட்டது. மாமா அதற்கு இன்சுலின் என்று பெயர் வைத்தார். அதன் பிறகு அந்தத் தொழுவத்தில் எத்தனையோ கிடாய்கள் வந்துபோய்விட்டன. ஒவ்வொன்றுக்கும் அதே பெயர்தான். நானும் முனைவர் பட்டம் வாங்கி, காலேஜில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் தெருமுனையில் என் தலை தெரிந்தால் போதும், அத்தை தொழுவத்தைப் பார்த்துக் கத்துவாள்:

"ஏங்க, டாக்டரம்மா வாரா! இன்சுலின உள்ள பிடிச்சுக் கட்டுங்க!"