எல்வின் வயலில் ஒற்றைப் பன்றி

காலையில் வயலைப் பார்த்தால் இருபது பன்றிகள் வந்துபோன தடம். இரவில் துப்பாக்கி ஸ்கோப் வழியாகப் பார்த்தால் ஒரே ஒரு பன்றி. இந்தக் கணக்குதான் எல்வின் குபேனாவுக்குப் புரியவில்லை.

டெக்சாஸ் கடலோரத்துக் காட்டுப்பன்றிகள் ஒழுங்கானவை. மக்காச்சோளம் விதைத்த இயந்திரம் எந்த வரிசையில் போனதோ, அதே வரிசையில் மூக்கை வைத்து, ஒவ்வொரு விதையாகத் தோண்டித் தின்றுகொண்டே மறுமுனைக்குப் போய்ச் சேரும். எல்வின் இரண்டாம் முறையாக விதைத்திருந்தார். இதுவும் போனால் மூன்றாவதற்குப் பருவம் இல்லை. இந்த வருடம் அவ்வளவுதான்.

அவர் முதலில் வாங்கியது இரவுப் பார்வைக் கருவி. கண்ணுக்குத் தெரியாத ஒளியை ஒரு சின்ன விளக்கு வீசும்; பட்டுத் திரும்புவதைக் கருவி பிடித்துப் படமாக்கும். வீட்டு வாசலில் சோதித்தபோது பூனையின் மீசைவரை தெரிந்தது. வயலோரம் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தால் வெள்ளையடித்த சுவர்தான் தெரிந்தது. இறங்கியும் பார்க்க முடியாது. அந்த ஊர்க் கொசு கடிப்பதோடு விடாது, ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் எல்வின் சுடுவதற்கு மட்டும்தான் இறங்குவார்.

துப்பாக்கிக் கடை ரஸ்டி அவரோடு பள்ளியில் படித்தவன். அந்தக் கருவியை விற்றவனும் அவன்தான்.

"பனிமூட்டம்டா. கடல் பக்கத்துல இருந்துக்கிட்டு விளக்கு வீசுற கருவியை வாங்குனா அப்படித்தான். நீ தெர்மல் எடு."

தெர்மல் ஸ்கோப்புக்கு ஒளியே வேண்டாம். உடம்பு விடுகிற சூட்டைப் படமாக வரையும். குளிர்ந்த மண் கறுப்பு, சூடான பன்றி வெளுப்பு. கண்ணில் வைத்த முதல் ராத்திரியே வெளுப்பாக ஒன்று எதிரில் நின்றது. அகன்ற தோள். கழுத்தே இல்லை. அசையாமல் இவரையே பார்த்தது.

எல்வின் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார். கீல் கிறீச்சிட்டது. உள்விளக்கு எரிந்தது. இருட்டில் கூட்டமாக ஏதோ ஓடும் சத்தம். ஸ்கோப்பில் வெறும் மண்.

அந்த உருவம் மங்கலாகத் தெரிந்ததா என்று ரஸ்டி விசாரித்தான். ஆமாம் என்றார் எல்வின். அப்படியானால் குறை பன்றியிடம் இல்லை, ஸ்கோப்பில்தான் என்று சொல்லி, நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட புதியதை எடுத்து வைத்தான். அதில் பன்றி இன்னும் தெளிவாக, இன்னும் பெரிதாக நின்றது. கதவைத் திறந்தால் வழக்கம்போல மாயம்.

காலையில் ஊர் பேக்கரிக்குக் கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டி வாங்க வருகிறவர்களுக்கு இதைவிட்டால் வேறு பேச்சில்லை. கொழுத்திருக்கிறது, இடத்தைவிட்டு நகர்வதில்லை, வெளிச்சம் பட்டால் காணாமல் போகிறது என்பதால் அதற்கு 'செனட்டர்' என்று பெயர் வைத்தார்கள். எல்வினுக்கே அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

"சும்மா சொல்லக் கூடாது டார்லீன்," என்றார் மனைவியிடம். "கம்பீரமான மிருகம். மூஞ்சியிலயே அறிவு தெரியுது."

"அந்த அறிவாளிதான் உன் விதையைத் தின்னுக்கிட்டு இருக்கு."

விதை பாதி போயிருந்தது. ரஸ்டி மூன்றாவதாக ஒரு ஸ்கோப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் டார்லீன் பொறுமை இழந்தாள். அதை வாங்குவதற்கு முன் அந்தச் செனட்டரைத் தன் கண்ணால் பார்த்தே தீரவேண்டும் என்று அன்றிரவு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வயலோரம் போய் எஞ்சினை நிறுத்தினார்கள். வெளியே உறுமல், மண்ணைக் கிளறும் சத்தம். துப்பாக்கியிலிருந்து கழற்றிய ஸ்கோப்பை எல்வின் அவளிடம் கொடுத்தார்.

"தெரியுதா?" என்றார் மெதுவாக.

டார்லீன் வெகுநேரம் பார்த்தாள். ஒரு கையை மெல்லத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கினாள். பிறகு ஸ்கோப்பை மடியில் வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"இந்தப் பன்னிக்கு என் கொண்டை இருக்கு எல்வின், நான் கையாட்டுனா அதுவும் ஆட்டுது. சூடு கண்ணாடியைத் தாண்டிப் போகாது போல, நம்மளையேதான் திருப்பிக் காட்டுது. ஜன்னல் கண்ணாடியை இறக்கு."