எழுபத்தெட்டுக்கு நாற்பத்தேழு

"இந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது," என்றாள் சம்லி.

தேங் அண்ணன் செல்போன் உறைகளை ஒதுக்கிவிட்டுக் காகிதத்தை வாங்கினார். தாய்லாந்தின் கோராட் சந்தையிலேயே ஆங்கிலம் தெரிந்தவர் அவர்தான். புக்கெட் ஓட்டல் ஒன்றில் எட்டு வருடம் பாத்திரம் கழுவியிருக்கிறார்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் நம் மொழியில்தான் பேசுவார், நாமும் நம் மொழியில்தான் தலையாட்டுவோம். ஆனால் ஸ்கேன் அறிக்கை மட்டும் ஆங்கிலத்தில் வரும். டாக்டரிடமே திருப்பிக் கேட்டிருக்கலாமே என்றால், அது எப்படி முடியும்? வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது அவரைத் தொந்தரவு செய்வது மரியாதையா? சம்லி எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். "சினைப்பையில ஒரு சின்ன நீர்க்கட்டி. பெரும்பாலும் தானாப் போயிடும். ஆறு வாரம் கழிச்சு வாங்க. திடீர்னு தாங்க முடியாம வலிச்சா மட்டும் உடனே வந்துடுங்க" என்று அவர் சொன்னதில் அவள் காதில் நின்றது 'கட்டி' ஒன்றுதான்.

அவளுடைய அக்கா ஒருத்தி பத்து வருடத்துக்கு முன் வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. தனக்கும் அதே கட்டிதானா என்பது மட்டும் தெரிந்தால் போதும் சம்லிக்கு. போதாததற்கு, அறிக்கையைக் கொடுத்த நர்ஸ் கொடுப்பதற்கு முன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு வேறு மெல்ல அசைந்தது. தனக்காகப் பிரார்த்திக்கிறாள் என்றுதான் சம்லிக்குத் தோன்றியது.

தேங் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "முதல் வரியில எழுபத்தெட்டுக்கு நாற்பத்தேழுன்னு போட்டிருக்கு."

"அதுக்குக் கீழயும் நாலஞ்சு வரி இருக்கே?"

"அதெல்லாம் சில்லறை. வெள்ளைக்காரன் பாஷையில முக்கியமானதத்தான் முதல்ல எழுதுவாங்க. எனக்குத் தெரியாதா?"

"எழுபத்தெட்டுன்னா எவ்ளோ பெரிசுண்ணே?"

"மில்லிமீட்டர்." அவர் கையை விரித்துக் காட்டினார். "நல்ல கொய்யாப்பழம் அளவு இருக்கும்."

"டாக்டர் சின்னதுன்னாரே."

"உன் மூஞ்சியப் பாத்து வேற என்ன சொல்வாரு?"

சம்லி பப்பாளிக்காயை மிளகாயோடு உரலில் இடித்து விற்பவள். கடைக்குத் திரும்பி உரலில் நாலு மிளகாய் போட வேண்டிய இடத்தில் பதினாலு போட்டாள். அதைத் தின்றவன் தண்ணீர் கேட்டு ஓடினான்.

தேங் அண்ணன் சத்தியமாக யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த கடையில் லாட்டரிச் சீட்டு விற்கும் அம்பாய் அக்காவிடம் மட்டும்தான் சொன்னார்.

ஒன்றாம் தேதிக் குலுக்கலுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. எங்கள் ஊரில் மூன்று கால் கோழி பிறந்தாலும், வாழை நடுத்தண்டில் குலை தள்ளினாலும் யாரும் முதலில் ஆச்சரியப்பட மாட்டார்கள். அதில் என்ன எண் வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். மறுநாள் காலைக்குள் மீன்காரி முதல் ஐஸ்காரன் வரை எழுபத்தெட்டிலும் நாற்பத்தேழிலும் முடிகிற சீட்டுகளை வாங்கி முடித்திருந்தார்கள்.

"அம்பாய் அக்கா, இது என்ன அநியாயம்? என் வயித்துல இருக்கறத வெச்சா வியாபாரம்?"

"கோவிச்சுக்காதடி. உனக்கு வந்த கஷ்டம் நாலு பேருக்கு நல்லதா முடிஞ்சா உனக்கும் புண்ணியம். உனக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன், வேணுமா?"

சம்லி வேண்டாம் என்றாள். குலுக்கலில் கடைசி இரண்டு எண் முப்பத்திரண்டு என்று வந்தது. சந்தை முழுக்க முகம் தொங்கிப்போயிற்று.

"உன் கட்டி பொய் சொல்லிடுச்சு," என்றாள் அம்பாய்.

"அது எப்ப உங்ககிட்ட பேசுச்சு?"

"ஒருவேளை அதுக்கு மரியாதை செய்யாம விட்டுட்டமோ என்னவோ."

அடுத்த நாள் சம்லியின் கணவன் பிரசேர்ட் அவளைக் கூட்டிப்போக வேன் ஓட்டிக்கொண்டு வந்தான். வாடகை வேன் ஓட்டுகிறவன், எதற்கும் சட்டென்று பதறாதவன். அவள் கடையில் பப்பாளித் தட்டுக்குப் பக்கத்தில் ஆறு பாட்டில் சிவப்பு சோடா, ஒவ்வொன்றிலும் உறிஞ்சுகுழல், நடுவில் ஒரு சாமந்தி மாலை, புகையும் ஊதுபத்தி. வாசலில் காவல் ஆவிக்குக் கட்டுகிற குட்டி வீட்டுக்குப் படைக்கிற மாதிரி அப்படியே வைத்திருந்தார்கள்.

"யாரு செத்தது?" என்றான்.

இதுவரை அவனிடம் மறைத்து வைத்திருந்ததை அங்கேயே சொல்ல வேண்டியதாயிற்று. சம்லி சொல்லும்போதே அழுதுவிட்டாள். "அக்கா மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

பிரசேர்ட் ஊதுபத்தியை அணைத்தான். மறுநாள் வேனை நிறுத்திவிட்டு உலக்கையை அவனே பிடுங்கிக்கொண்டான். "உரல் இடிச்சு இடிச்சுத்தான் உனக்குக் கட்டி வந்திருக்கு. நீ உக்காரு."

"டாக்டர் அப்படிச் சொல்லலியே."

"டாக்டருக்கு உரல் இடிக்கத் தெரியுமா?"

அவன் இடித்த இடியில் பப்பாளிக்காய் கூழாகிவிட்டது. பல்லில்லாத கிழவர் ஒருவர் மட்டும் இரண்டாவது தட்டு கேட்டார். மற்ற வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்த சம்லிக்கு வயிற்றைத் தவிர வேறு நினைப்பில்லை. இடது பக்கம் லேசாகச் சுண்டினால் எழுந்து நிற்பாள். சுண்டாவிட்டால் ஏன் சுண்டவில்லை என்று நடப்பாள். ஒருநாளில் கடையை அவள் சுற்றிய சுற்றுக்குப் பாங்காக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

பதினாறாம் தேதிக் குலுக்கல் நெருங்கியதும் அம்பாய் ஒரு டப்பா முகப்பவுடரோடு வந்து நின்றாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள்.

"சட்டையக் கொஞ்சம் தூக்குடி."

"எதுக்கு?"

"மரத்துல பவுடர் தேய்ச்சா நம்பர் தெரியுதே, வயித்துல தெரியாமயா போயிடும்? இந்நேரம் அது வளந்திருக்கும், நம்பரும் மாறியிருக்கும்."

"வளரும்னு வாயாலயே சொல்றீங்களே அக்கா."

"ஆபரேஷன் ஏதும் இருந்தா பதினாறுக்கு அப்புறம் வெச்சுக்கடி, நல்லா இருப்ப."

சம்லி எழுந்து ஓடினாள். பிரசேர்ட் உலக்கையோடு குறுக்கே நின்றான். அந்தக் கலவரத்தில் பவுடர் முழுக்க அவன் தலையில் கொட்டியது. அவன் நெற்றியில் இருபத்தொன்பது தெரிகிறது என்று ஒருத்தி சொல்ல, சந்தை அதை வாங்கியது. அதுவும் வரவில்லை. அதற்குப் பிறகு சோடா வைப்பதை நிறுத்திவிட்டார்கள். அம்பாய் மட்டும், பலிக்காத கட்டியைச் சுமந்துகொண்டிருப்பது சம்லியின் குற்றம் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ஆறாவது வாரம் வந்தது. ஸ்கேன் மேஜையில் படுத்தபோது சம்லிக்குப் பல் கிட்டியது. டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், மறுபடி இடது பக்கம் பார்த்தார்.

"போயிடுச்சு," என்றார்.

"என்னது டாக்டர்?"

"நீர்க்கட்டி. சுவடே இல்ல. நான்தான் சொன்னேனே. இனிமே இதுக்காக வர வேண்டாம், நிம்மதியா இருங்க."

"சரிங்க, சரிங்க," என்று சம்லி கும்பிட்டாள். கதவு வரைக்கும் வந்தவளுக்கு மனசு ஆறவில்லை. கொய்யாப்பழம் அளவுக் கட்டி சுவடில்லாமல் எங்கே போகும்? திரும்பிப் பார்த்தாள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நேராக மேஜையில் இருந்த நர்ஸிடம் போய்ப் பழைய அறிக்கையை நீட்டினாள். அதே நர்ஸ்தான்.

"தங்கச்சி, எழுபத்தெட்டுக்கு நாற்பத்தேழு இருந்தது எப்படிங்க ஒன்றரை மாசத்துல காணாமப் போகும்?"

நர்ஸ் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தாள். "இதுவா? இது உங்க கருப்பையோட அளவுங்கக்கா. அது எல்லாருக்கும் இருக்கறதுதான். அதுல ஒரு கோளாறும் இல்ல. கட்டி இங்க, நாலாவது வரியில இருக்கு பாருங்க."

சம்லி நாற்காலியில் உட்கார்ந்து, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியாமல் சத்தம் போட்டாள். சந்தையே மாலை போட்டு ஊதுபத்தி காட்டியது ஆரோக்கியமான ஒரு கருப்பைக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகும் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது.

"அப்ப அன்னைக்கு இதக் குடுக்கறதுக்கு முன்னாடி ஏன் அவ்ளோ நேரம் உத்துப் பாத்தீங்க? அந்தப் பார்வைய நெனச்சே நான் செத்துச் செத்துப் பொழச்சேன்."

நர்ஸ் டாக்டரின் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கட்டியோட அளவை மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தேன்க்கா, ஒண்ணாந்தேதி லாட்டரியில முப்பத்திரண்டுதானே எனக்கு விழுந்துச்சு."