ஒரே நாய், இரண்டு ஆஸ்பத்திரி

புதிதாகக் கல்யாணமானவனுக்குப் புத்தி இருக்காது என்று சொல்வது சரியல்ல. இருக்கும். மாமனார் வீட்டுக்குக் கிளம்பும்போது அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போகமாட்டான், அவ்வளவுதான்.

என் தலை ஆடிக்கு நான் விருத்தாசலம் போனபோது எனக்கு இருபத்தாறு வயது. இரண்டாயிரம் பிறந்து மூன்று, நான்கு வருடம் ஆகியிருக்கும். திட்டக்குடியில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் ரசீது எழுதும் வேலை எனக்கு. சம்பளம் இரண்டாயிரத்து ஐந்நூறு. கல்யாணப் பத்திரிகையில் மட்டும் ‘கணக்கு அலுவலர்’ என்று போட்டிருந்தோம். (போட்டது நான்தான். அச்சாபீஸ்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.)

மாமனார் கலியபெருமாளுக்குப் பீங்கான் யூனிட்டில் வேலை. பியூஸ் கட்டைகள் செய்யும் சிறிய யூனிட். பச்சைக் கட்டைகளைச் சூளைக்குள் அடுக்குவதும், வெந்தபின் வெளியே எடுப்பதும் அவர் பாடு. அதிகம் பேசமாட்டார். என்னைவிட முப்பது வயது மூத்தவர், என்னை ‘வாங்க, போங்க’ என்றுதான் சொல்வார். அது மாப்பிள்ளைக்குத் தரும் மரியாதை. நான் அதை என் தகுதிக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

விருந்து முடிந்து, அவர்கள் எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு, “மாமா வேலை பாக்குற இடத்தப் பாக்கணும்” என்றேன். அன்று யூனிட் விடுமுறை. மாமனார், நான், என் மனைவி சுமதி, அவள் தங்கை ரேவதி, நாலு பேரும் நடந்தே போனோம்.

சூளையின் பக்கச் சுவரில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. அங்கே ஒரு செவலை நாய் நாலு குட்டிகளோடு படுத்திருந்தது. “கிட்டப் போவாதீங்க மாப்ள, குட்டி போட்டுருக்குது” என்றார் மாமனார்.

“நாய்ங்ககிட்ட எப்படிப் பழகணும்னு எனக்குத் தெரியும் மாமா” என்றேன். தெரியாது. எங்கள் வீட்டில் கோழிகூட வளர்த்ததில்லை. ஆனால் சுமதி பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து ஒரு குட்டியைத் தூக்கினேன்.

தாய் நாய் குரைக்கவே இல்லை. நேராக வந்தது. குட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பட்டு வேட்டியோடு எவ்வளவு தூரம் ஓட முடியும்? எதிரே உடைந்த பியூஸ் கட்டைகளைக் கொட்டிவைத்த குவியல் ஒன்று இருந்தது. அதில் ஏறினேன். அது என்னோடு சேர்ந்து கீழே வந்தது. குப்புற விழுந்தவனின் பின்தொடையை, உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நாய் கவ்வியது. மாமனார் ஓடிவந்து அதன் கழுத்தைப் பிடித்து இழுத்தார். என்னை விட்டுவிட்டு அவர் கெண்டைக்காலை ஒரு வாங்கு வாங்கிவிட்டு, குட்டிகளிடம் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

மாமனார் நொண்டிக்கொண்டே யூனிட் குழாயடிக்குப் போனார். துணி சோப்பு ஒன்றை எடுத்துக் காலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நுரையோடு ரத்தம் போனது. “மாப்ள, நீங்களும் வாங்க. ரேவதி, தண்ணி புடிச்சு ஊத்துமா” என்றார்.

கடிபட்ட இடத்தை யோசித்தேன். தண்ணீர் ஊற்ற வருவது மச்சினி. “வேணாம் மாமா. துணி சோப்பெல்லாம் போட்டா சீழ் புடிச்சிக்கும்” என்றேன்.

“அப்ப வாங்க, ஜி.எச்.சுக்குப் போயிடலாம். நாய்க்கடி ஊசி அங்க இருக்குது. காசு கெடையாது.”

“ஜி.எச்.சா? அங்க மனுசன் போவானா மாமா?”

அவர் போகிறவர். அவர் மனைவி இரண்டு பெண்களையும் பெற்றெடுத்தது அங்கேதான். அதாவது என் மனைவி பிறந்த இடம். சுமதி என் முகத்தைப் பார்க்காமல் குவியலில் இருந்து என் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் குழாயை மூடினார். “சரிங்க மாப்ள. ஒங்களுக்குத் தனியாருக்கே போயிடலாம்” என்றார்.

ஆட்டோவில் நான் குப்புறப் படுத்தபடி போன நர்சிங் ஹோமின் பெயர் இங்கே வேண்டாம், இப்போது அது இல்லை. வாசலில் மீன் தொட்டி, உள்ளே ஏ.சி. வரவேற்பில் இருந்த பெண் என்னை ‘சார்’ என்றாள். திட்டக்குடியில் என்னை ‘சார்’ என்று சொல்வது தவணை கட்டாதவர்கள் மட்டும்தான். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பாதி வலி போய்விட்டது. என்னைப் படுக்கையில் ஏற்றிவிட்டு, தனக்கு ஊசி போட்டுக்கொள்ள மாமனார் ஜி.எச்.சுக்கு நடந்தே போனார்.

எனக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். மார்பில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். (நாய் கடித்தது நெஞ்சுக்கு வெகு தூரத்தில்.) குளுக்கோஸ் ஏற்றினார்கள். கையில் ஊசி போட்டார்கள். “மார்க் தெரியாம நீட்டா முடிச்சிடலாம்” என்று சொல்லி டாக்டர் ஏழு தையல் போட்டார். அந்த இடத்தில் தழும்பு தெரிந்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் கேட்கவில்லை. ஒரு நாள் இருந்து போகச் சொன்னார்கள், இருந்தேன். சாயங்காலம் மாமனார் காபி பிளாஸ்க்கோடு வந்து, ஏ.சி. அறைக்குள் எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவோரமாக நின்றார்.

“உங்களுக்கு எங்க மாமா ஊசி?”

“வவுத்துலதாங்க. தெனம் ஒண்ணு.”

சிரித்தேன். எனக்கு மொத்தமே கையில் ஐந்து ஊசி, அதுவும் சில நாள் விட்டு விட்டு என்று விளக்கினேன். “காசு குடுத்தா அதுக்கேத்த வைத்தியம் மாமா” என்றும் சொன்னேன். இந்த வாக்கியத்தை இருபது வருடமாக நான் மறக்க முயல்கிறேன்.

மறுநாள் பில் வந்தது. நாலாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். தினமும் அடுத்தவனுக்கு ரசீது எழுதுகிறவன் முதல்முறையாகத் தன் பெயர் எழுதிய சீட்டைப் பார்த்தேன். சட்டைப் பையில் நூற்று நாற்பது ரூபாய் இருந்தது. பணத்தைத் தேடுவதுபோல் நான் பையைச் சற்று நேரம் தடவிக்கொண்டிருக்க, மாமனார் கவுண்டருக்குப் போய்விட்டார். மஞ்சள் பையிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தார். அவரிடம் ஏது அவ்வளவு பணம் என்று கேட்கத் தோன்றவில்லை. மாமனார் என்றால் பணம் கொடுப்பார் என்று நினைத்தேன்.

ஒரு நாள் விருந்துக்குப் போனவன் அந்த வீட்டின் ஒரே கட்டிலில் குப்புறப் படுத்தேன். அத்தை எனக்குத் தட்டைத் தலைமாட்டில் வைத்துச் சோறு போட்டார். நாலாம் நாள் இரண்டாவது ஊசிக்குப் போனபோது, வலிக்கிறது என்றேன். டாக்டர் கட்டைப் பிரிக்காமலே, “ஹீல் ஆகுது” என்று சொல்லி நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். ஐந்தாம் நாள் தொடை வீங்கிக் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் காலையில் நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டால், தையலைப் பிரித்து தியேட்டரில் சுத்தம் செய்ய வேண்டும், வரும்போது ஐயாயிரம் கட்டிவிடுங்கள் என்றார்கள்.

“மாமாகிட்ட சொல்லு” என்றேன் சுமதியிடம்.

அவள் பதில் சொல்வதற்கு முன், ரேவதி உள்ளே வந்தாள். பதினேழு வயதுப் பெண்.

“எதச் சொல்றது மாமா? அப்பா ஓனர்கிட்ட அஞ்சாயிரம் அட்வான்ஸ் வாங்கித்தான் ஒங்களுக்குக் கட்டனாரு. வேற யூனிட்ல தெனத்துக்குப் பதினஞ்சு ரூவா கூடத் தரேன்னு கூப்ட்டாங்க. அடுத்த மாசம் போவறதா இருந்தாரு. இனிமே அட்வான்ஸ் தீர்ற வரைக்கும் எங்கயும் போவ முடியாது.”

“ரேவதி, சும்மா இருடி” என்றாள் சுமதி. ஆனால் அவளை வெளியே போகச் சொல்லவில்லை.

“அதோட தெனம் காலைல ஊசிக்கு வரிசைல நிக்கறாரு. பதினோரு மணிக்குத்தான் யூனிட்டுக்குப் போறாரு. அர நாள் கூலி போச்சு. அவருக்கு ஊசி சும்மாதான் போடறாங்க, ஆனா கூலிய யாரு தருவா?”

நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். குப்புறப் படுத்திருப்பவனுக்கு முகத்தை மறைத்துக்கொள்ளும் வசதி உண்டு.

அன்று மாமனார் பின்னாலேயே ஜி.எச்.சுக்குப் போனேன். நாய்க்கடி வரிசையில் எங்களுக்கு முன்னால் இருபது பேர். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து முதல் பஸ்ஸுக்கு வந்தவர்கள், கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விடிவதற்கு முன்னால் கிளம்பியவர்கள். எல்லோருக்கும் மாமனாரைத் தெரிந்திருந்தது, ஆறு நாள் ஒன்றாக நின்றவர்கள் அல்லவா. பெஞ்சில் இடம் விட்டு, “ஒக்காருங்க தம்பி” என்று என்னை உபசரித்தார்கள். உட்கார முடியாத காரணத்தை மாமனார் அவர்களுக்கு மெதுவாக விளக்கினார். இருபது பேரும் ஒரே நேரத்தில் என் பின்பக்கத்தைப் பார்த்தார்கள்.

ஊசி போடும் சிஸ்டர் மாமனாரைப் பார்த்ததும் கேட்டார், “நாய் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குதுங்க சிஸ்டர். காலைல பாத்துட்டுத்தான் வரேன். குட்டிங்களும் நல்லா இருக்குதுங்க.”

கடித்த நாய் பத்து நாள் வரைக்கும் சுகமாக இருந்துவிட்டால் ஊசியை நிறுத்திக்கொள்ளலாம் என்று முதல் நாளே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தினமும் போய் நாயைப் பார்த்துவிட்டு வந்து தகவல் சொல்லியிருக்கிறார். என் ரத்தத்தைச் சோதித்து நெஞ்சைப் படம் பிடித்த இடத்தில், நாயைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தடுப்புத் திரையின் துணி பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. அதன் பின்னால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். சிஸ்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். என் வயதுதான் டாக்டருக்கும். காலையிலிருந்து எத்தனை பேரைப் பார்த்தாரோ, கண் சிவந்திருந்தது.

“தையல் யாரு போட்டது?”

சொன்னேன்.

“நாய்க்கடிய இப்படி உடனே தைக்கக் கூடாது. உள்ள அழுக்க வெச்சு மூடிட்டாங்க. கடிச்ச உடனே சோப்பு போட்டுக் கழுவுனீங்களா?”

“இல்ல டாக்டர்.”

“என்ன படிச்சிருக்கீங்க?”

“பி.காம்.”

அவர் மாமனாரின் காலைக் காட்டினார். புண் ஆறிப் பொருக்குத் தட்டியிருந்தது. “அவரு கழுவியிருக்காரு. பாருங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட அவருக்கு நேரமில்லை, அடுத்த ஆள் திரைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு தையலையும் பிரித்துக் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவினார்கள். நான் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த குழந்தை ஒன்று ஊசியே வேண்டாமென்று அழ ஆரம்பித்ததாக மாமனார் பிறகு சொன்னார். சீழுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பணம் கேட்கவில்லை. யாரும் ‘சார்’ என்றும் சொல்லவில்லை.

கையில் போட ஆரம்பித்த ஊசியை அப்படியே தொடர வேண்டும் என்றார்கள். மூன்றாவது ஊசியை என் மோதிரத்தை அடகு வைத்து மருந்துக் கடையில் வாங்கி, சிஸ்டரிடமே போட்டுக்கொண்டேன். பத்தாம் நாள் நாய் நலமாக இருந்தது. இருவருக்கும் ஊசியை நிறுத்தினார்கள். மாமனார் வயிற்றைச் சுற்றிப் பத்து இடத்தில் தடித்திருந்தது. ஆகமொத்தம் அந்த நாய்க்கு ஒரு நோயும் இல்லை. எங்கள் இருவருக்கும் செய்த வைத்தியத்தில் உண்மையாகவே தேவைப்பட்டது துணி சோப்பு மட்டும்தான்.

ஊருக்குக் கிளம்பும்போது, மோதிரப் பணத்தில் மிச்சமிருந்த ஆயிரத்து எண்ணூறை மாமனாரிடம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“மாப்ளகிட்ட காசு வாங்கனா ஊரு என்ன சொல்லும்ங்க? வெச்சிக்குங்க. போயிட்டு வாங்க.”

நான் இரண்டாவது முறை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பார். அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை என்பதை இப்போது எழுதும்போது ஒப்புக்கொள்கிறேன். அந்த அட்வான்ஸ் தீர இரண்டு வருடம் ஆனது. அதற்குள் அவரைக் கூப்பிட்ட யூனிட்டில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். உடம்புக்கு முடிகிறவரைக்கும் அவர் அதே சூளையில்தான் அடுக்கினார்.

எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று இப்போதும் என்னிடம் சிலர் கேட்கிறார்கள். (கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.) எனக்குத் தெரியாது. ஒன்றில் முன்பணம், இன்னொன்றில் அரை நாள் கூலி. எங்கள் குடும்பத்தில் இரண்டையும் கட்டியது ஒரே ஆள், அது நானில்லை.

ரேவதி இதை அத்தோடு விடவில்லை. அடுத்த பொங்கலுக்கு, பக்கத்து வீட்டில் டி.வி. வாங்கியதைப் பற்றிப் பேச்சு வந்தது. என்ன விலை என்று அத்தை கேட்டார். “ரெண்டு கடி” என்றாள் ரேவதி. வீடே சிரித்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு கடி என்று பெயர். பிரிட்ஜ் இரண்டரைக் கடி. ரேவதியின் கல்யாண மண்டபம் ஆறு கடி. என் மகனை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்து பீஸ் எவ்வளவு என்று சொன்னபோது, அந்த எட்டு வயதுப் பயல் விரல் விட்டு எண்ணி, “நாலு கடிப்பா” என்றான். அவன் அம்மா திருத்தவில்லை.

ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் முன்னால் நானே சிரித்துவிடுவேன், அது பழகிவிட்டது. மாமனார் மட்டும் இன்றுவரைக்கும் அந்தக் கணக்கில் ஒரு விலையும் சொன்னதில்லை. யாராவது சொன்னால், “மாப்ளைக்கு மோர் குடுங்க” என்பார்.