மூன்றாம் பாட்டுக்காரி

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஒல்கியெர்த் சாவா அவர்களுக்கு,

லூப்லினிலிருந்து எட்முண்ட் ரபாச் பணிவுடன் எழுதுவது. தாங்களும் அலுவலகத்தாரும் இந்தப் பனிக்காலத்துச் சளி, இருமல் இல்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி யாத்விகாவும் சுகம். என் மனச்சாட்சிக்கு மட்டும் சில நாட்களாகச் சுகமில்லை. ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். அளவுகோல் வைக்க முடியாத விஷயங்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை.

முதல் தடவை கேட்டபோதே உங்களை ஆட்கொண்ட ஆல்பம் எது என்று தங்கள் பத்திரிகையில் வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். நானும் நாலு வரி எழுதி, மூன்றாம் பாட்டின் நடுவில் வரும் பெண் குரலைப் புகழ்ந்திருந்தேன். நீங்கள் அதைப் பிரசுரித்தீர்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நான் அந்த ஆல்பத்தை முதலில் கேட்டது நாற்பது வருஷத்துக்கு முன்; கடைகளில் ஒன்றும் கிடைக்காத காலம் அது என்பது தங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு ஆல்பம் வேண்டுமென்றால் வானொலிதான் கதி. அறிவிப்பாளர் "டேப்பைத் தயார் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். நாம் பதிவு செய்துகொள்வதற்காக முழு ஆல்பமும் குறுக்கே ஒரு சொல் இல்லாமல் ஓடும். பாதியில் கேசட்டைத் திருப்பிப்போட அவகாசமும் தருவார். அது ஈஸ்டருக்கு முந்தைய வாரம், ஒரு மதியம். என்னிடம் இணைப்புக் கம்பி கிடையாது. ஆகவே வானொலிக்கு எதிரே ஒரு நாற்காலி, நாற்காலிமேல் தலையணை, தலையணைமேல் மைக், மைக்கை ஒட்டினாற்போல் நான். அறையிலிருந்த ஒரே பிளக்கை வானொலி எடுத்துக்கொண்டதால் டேப்ரிக்கார்டர் பேட்டரியில் ஓடியது. அதுவும் பழைய பேட்டரி, அந்நாளில் எல்லோரும் செய்வதுபோல் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்மேல் வைத்துச் சூடேற்றி உயிர் கொடுத்தது. குழந்தை இரேனாவை மேல்மாடி வீட்டாரிடம் விட்டுவிட்டு, 'ஒலிப்பதிவு நடக்கிறது, மூச்சும் விட வேண்டாம்' என்று எழுதி வாசல் கதவில் ஒட்டினேன்.

அதன்பின் நடந்ததைச் சொல்ல இன்றுவரை எனக்குச் சொல் கிடைக்கவில்லை. முதல் பாட்டிலேயே அறையின் சுவர்கள் கொஞ்சம் பின்வாங்கி நின்றன. இரண்டாவதில், ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியின்மேல் வெயில் விழுந்து, ஆறு எங்கள் ஐந்தாம் மாடிக்கே ஏறி வந்துவிட்டதுபோல் இருந்தது. எத்தனை ஆழம் என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. மொழி புரியவில்லை, அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. மூன்றாவது பாட்டில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியாது. கண்ணைத் திறந்தபோது கேசட்டின் முதல் பக்கம் தீர்ந்து, டேப் அசையாமல் நின்றிருந்தது.

மறுநாள் பேட்டரியை எடுத்துவிட்டு மின்சாரத்தில் போட்டு, அடுத்த வீட்டாருக்குத் தொந்தரவு கூடாதென்று காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டேன். அப்போதுதான் அவளைக் கண்டுபிடித்தேன். பாடகர் இறங்கும் இடத்தில் அவள் ஏறுகிறாள். சொல் எதுவும் இல்லை, வெறும் முனகல்தான். பாடகரைவிட அரை நொடி முன்னால் போய், மேலே தனியாக நின்று காத்திருக்கிறாள். பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. நாற்பது வருஷமாக எனக்கு மட்டும் கேட்கிற சிரிப்பு. யாத்விகா அந்த ஹெட்ஃபோனை ஒருநாளும் மாட்டிப் பார்த்ததில்லை, ஆனால் நான் கண்ணை மூடி உட்காரும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து குரல் வரும்: "ஏங்க, சூப்பு கொதிக்குது. நான் ஊத்தட்டுமா, இல்ல உங்க மூணாம் பாட்டுக்காரி வந்து ஊத்துவாளா?" எனக்குக் காது சிவந்துவிடும்.

இந்த வருஷம் என் பெயர் கொண்ட புனிதரின் திருநாளான என் பெயர் நாளுக்கு இரேனா அந்த ஆல்பத்தின் அசல் இசைத்தட்டையே தேடிப்பிடித்து வாங்கி வந்தாள். நான் மனதில் வைத்திருந்த அட்டையில் ஒரு ஏரி இருந்தது; நிஜ அட்டையில் ஒற்றைச் செருப்பு. பாடகர் வயிறு முட்ட பீரோகிக் கொழுக்கட்டை தின்றுவிட்டு எழுந்தவர்போல் மந்தமாகப் பாடுகிறார். மூன்றாம் பாட்டில் அவர் இறங்குகிறார், இறங்கிக்கொண்டே போகிறார், ஏறுவதற்கு ஆள் இல்லை. தட்டில் பழுது என்று நினைத்துத் திரும்பப் போட்டேன். பிறகு என் காதில் பழுது என்று நினைத்தேன். "அப்பா, உங்க முகம் ஏன் இப்படிப் போகுது, பாட்டு பிடிக்கலையா?" என்று இரேனா கேட்டாள்.

இந்த நிலையில், பிரசுரமான என் நாலு வரியைப் பார்த்துத் தாங்கள் அனுப்பிய இசை நிபுணர் திரு. வ்ரோனா கிராகோவிலிருந்து வந்து சேர்ந்தார். யாத்விகாவின் பாலாடைக்கட்டி கேக்கை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஹெட்ஃபோனை மாட்டினார். மூன்றாம் பாட்டில் முள்கரண்டி வாய்க்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது. "ஐயா, இந்தப் பொம்பள எந்தத் தட்டுலயும் இல்ல. இது யாருக்குமே தெரியாத பதிவு. ஆசிரியர்கிட்ட சொல்லிடறேன், 'அறியப்படாத பாடகி'ன்னு அட்டைப்படக் கட்டுரையே போட்டுடலாம்" என்றார். யாத்விகா அவருக்கு இரண்டாவது துண்டை வைத்தாள். "கட்டுரை எல்லாம் போடுங்க தம்பி. போறப்ப அவளையும் கையோட கூட்டிட்டுப் போயிடுங்க. நாப்பது வருஷம் வெச்சு ஆக்கிப் போட்டாச்சு."

அவர் போனபின் ஆற்றங்கரையில் நடந்து நடந்து யோசித்தேன். என் ஒரே வித்தை முறையாக யோசிப்பது. தட்டில் இல்லாத குரல் டேப்பில் இருக்கிறதென்றால் அது அறையில் இருந்திருக்க வேண்டும். இரேனா மேல்மாடியில். வீட்டிலிருந்த பெண் யாத்விகா ஒருத்திதான். ஐயா, மூச்சு விடாதே என்று யாருக்காகக் கதவில் எழுதி ஒட்டினேனோ அவளே, முதன்முதலாகக் கேட்ட பாட்டுக்குத் தன்னை மறந்து கூடப் பாடியிருக்கிறாள். ஒரே பெண்ணை இரண்டு பேராக நினைத்து, ஒருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டு இன்னொருத்திக்காக ஏங்கியிருக்கிறேன். இதை அவளிடம் நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. இந்தக் கடிதம் அச்சில் வந்தால் அவளே படித்துக்கொள்வாள். ஆகவே அந்தக் கட்டுரையை நிறுத்திவிட்டு இதைப் பிரசுரிக்கும்படி, அல்லது நிறுத்த முடியாதென்றால், பாடகியின் பெயர் யாத்விகா ரபாச் என்று திருத்திப் போடும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பத்திரிகை செழிக்கட்டும். அலுவலகத்தார் யாவரும் இந்தக் குளிரைத் தும்மலின்றிக் கடந்து வசந்தத்தைப் பார்க்கட்டும்.

என்றும் பணிவுடன்,
எட்முண்ட் ரபாச்

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்கு முன் யாத்விகா இதைப் படித்துவிட்டாள். முதன்முறையாக ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு டேப்பைக் கேட்டாள். "ஏங்க, அன்னிக்கு மத்தியானம் நான் ஈஸ்டர் ஹாமுக்குக் கறிக்கடை வரிசையில நின்னுட்டிருந்தேன். வந்து கதவத் திறந்தா நீங்க கண்ண மூடிக்கிட்டு மைக்குல வாய வெச்சுப் பாடிட்டிருந்தீங்க. கல்யாணமானதுலேருந்து நீங்க பாடி நான் பார்த்ததே இல்ல. சிரிப்பு வந்துடுச்சு, அப்படியே கதவச் சாத்திட்டு வெளிய போயிட்டேன்" என்றாள். அன்று பதிவாகும்போது பேட்டரி தளர்ந்து டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. மின்சாரத்தில் போட்டதும் எல்லாம் வேகமாக ஓடி, பாடகரின் குரல் ஏறியதோடு என் குரலும் ஏறிப் பெண் குரலாகிவிட்டது. பாடகர் மந்தமானவர் அல்ல, அவருடைய நிஜ வேகமே அதுதான். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆக, பாடியது நான், சிரித்தது மட்டும் அவள். மேலே கேட்ட திருத்தம் எதுவும் வேண்டாம் ஐயா. கட்டுரை வரட்டும், பாடகி யாரென்று தெரியவில்லை என்றே போடுங்கள். முடிந்தால் அந்தச் சிரிப்பைப் பற்றி மட்டும் இரண்டு வரி கூடுதலாக எழுதச் சொல்லுங்கள்.