உப்பளத்தில் நின்ற பேட்டரி கார்

நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்குப் பேட்டரி கார் ஒத்துவருமா என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் பதில் சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. கேட்டவரை என் மனைவி ஸ்டெல்லா உட்காரவைத்து, காபி கொடுத்து, "அதை எங்க அப்பா விஷயத்துலயே பாத்துட்டோமுங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். அவள் சொல்லும்போது என் பக்கத்து நியாயம் எப்போதும் விட்டுப்போகிறது. அதையாவது எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, என் பக்கம் பெரிதாக நியாயம் எதுவும் இல்லை என்பது தெரிகிறது. பரவாயில்லை, உட்கார்ந்தாகிவிட்டது.

இரண்டாயிரத்து ஐந்தில் நான் மெடிக்கல் ரெப். வீடு மரக்காணம். திண்டிவனம், கிளியனூர், கோட்டக்குப்பம் என்று தினமும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் பைக்கில் சுற்றுவேன். முதுகெலும்பு எனக்கு முன்னால் ரிட்டையர் ஆகிவிடும்போல இருந்தது. அந்தச் சமயத்தில் பொம்மையார்பாளையம் பக்கம் குடியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்று தன் பேட்டரி காரை விற்றார். வெள்ளை நிறம், இரண்டே கதவு, சத்தமே இல்லை. சார்ஜ் ஏற்றினால் எண்பது கிலோமீட்டர் ஓடும் என்றார். பேட்டரி புதிதாக இருந்தால் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தினமும் டாக்டர்களிடம் 'மூணே நாள்ல குணம் சார்' என்று சொல்லிப் பிழைத்தவன் நான். அடுத்தவன் சொன்னதை மட்டும் அப்படியே நம்பினேன். பைக்கை விற்றுவிட்டு அதை வாங்கினேன்.

அது நாற்பது, மிஞ்சிப்போனால் ஐம்பது ஓடியது. அதற்குமேல் போக, வழியில் சார்ஜ் போட வேண்டும். மாத்திரை சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு கிளினிக் கிளினிக்காக பிளக் பாயின்ட் கேட்டு நின்றேன். (கிளியனூரில் ஒரு டாக்டர், "ஏம்பா, நீ மருந்து விக்க வர்றியா, கரண்ட் குடிக்க வர்றியா" என்றே கேட்டுவிட்டார்.) இதையெல்லாம் வீட்டில் சொல்லவில்லை. வீட்டில் அது எண்பது கிலோமீட்டர் வண்டிதான்.

சந்தேகப்பட்டவர் ஒருவர்தான். என் மாமனார் அந்தோணிசாமி. ஊரில் லாரி அந்தோணி. முப்பது வருஷம் மரக்காணத்து உப்பை ஏற்றிக்கொண்டு கேரளா, கர்நாடகா என்று ஓடியவர். கார் வந்த அன்றைக்கு அதைச் சுற்றி வந்தார்.

"டேங்க் எங்க மாப்ள?"

"டேங்க் கெடையாது மாமா. பிளக்தான்."

"வழியில நின்னுட்டா?"

"பிளக் போட்டா போதும்."

அவர் ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "தூரம் ஓடறவனுக்கு வண்டி எவ்ளோ ஓடும்ங்கிறது பெருசு இல்ல மாப்ள. எங்க நிக்கும்னு தெரிஞ்சிருக்கணும்" என்றார். உங்க காலம் வேற மாமா என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைய வேண்டும்போல இருக்கிறது.

அடுத்த வருஷம் கோடையில் அவர் படுத்துவிட்டார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பங்குச் சாமியார் கடைசி எண்ணெய் பூச வந்து கட்டில் அருகே நின்றார். மாமனார் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க நல்லவரு சாமி. ஆனா என் வழக்கு உங்ககிட்ட இல்ல. ரபேல் சாமியார வரச் சொல்லுங்க" என்றார்.

அந்த வழக்கு முப்பது வருஷத்துப் பழசு. என் மச்சான் ஜோசப்புக்கு ஞானஸ்நானம் வைத்த நாளில், மாமனார் பாலக்காட்டிலிருந்து ராத்திரி பகலாக லாரியை ஓட்டிக்கொண்டு வந்தார். அரைமணி நேரம் தாமதம். அன்றைக்குப் பங்கில் இருந்த ரபேல் சாமியார் காத்திருக்கவில்லை. தண்ணீர் ஊற்றி முடித்து, பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டார். தலைச்சன் பிள்ளையின் ஞானஸ்நானத்தைப் பார்க்க முடியாமல் போன மனுஷன் அன்றைக்குச் சாமியாரைக் கோயில் வாசலிலேயே சொல்லக்கூடாததெல்லாம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கமே போகவில்லை. அந்தப் பாரத்தோடு சாகப் பயப்படுகிறார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ரபேல் சாமியார் ஓய்வு பெற்று, பொம்மையார்பாளையத்தில் தங்கியிருந்தார். வயது எழுபத்தாறு, முழங்காலில் வலி. போனில் சொன்னதும் வருகிறேன் என்றார்.

"வேன் சொல்லட்டுமா மச்சான்?" என்றான் ஜோசப்.

"எதுக்கு வேன்? நம்ம வண்டி நிக்குது" என்றேன்.

போக வர ஐம்பது கிலோமீட்டர் என்பது எனக்குத் தெரியும். முந்தின ராத்திரி வோல்டேஜ் குறைவில் எங்கள் வீட்டு ஃபேன் நின்று நின்று சுற்றியதும் தெரியும். அப்படியென்றால் சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ஆனால் படுத்திருந்த மாமனாரின் கண் என்மேல் இருந்தது. எண்பது கிலோமீட்டர் என்று சொன்ன வாயை எப்படி மூடுவது?

போனது ஒழுங்காகப் போனேன். சாமியாரை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். மரக்காணத்துக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது, உப்பளத்து ஓரத்தில் கார் நின்றது. சத்தமில்லாத வண்டி என்பதால் நின்றதும் உடனே தெரியவில்லை. இரண்டு பக்கமும் பாத்திகளில் உப்பு வெள்ளையாக விளைந்து கிடந்தது. மதியம் மூன்று மணி வெயில்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் சாமியார்.

"ஒண்ணுமில்ல ஃபாதர். சார்ஜ் கொஞ்சம் இறங்கிடுச்சு."

சற்று உள்ளே மோட்டார் கொட்டகை தெரிந்தது. கிணற்றுத் தண்ணீரைப் பாத்திக்கு இறைக்கிற மோட்டார். அங்கிருந்த மேஸ்திரி கன்னியப்பன் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டுக் காரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். பிளக் போட்டேன். மச்சானுக்குப் போன் செய்து, உப்பளத்தில் நிற்கிறோம், அரைமணியில் வந்துவிடுகிறோம் என்று சொன்னேன். அப்போது ஒரு புதுச்சேரி பஸ் மரக்காணத்தை நோக்கிப் போனது.

"நான் பஸ்ல போயிடறேனே தம்பி. கைகாட்டினா நிறுத்துவான்" என்றார் சாமியார்.

"உங்க காலுக்கு பஸ் படி ஆகாது ஃபாதர். பத்து நிமிஷம்."

முழங்கால்மேல் எனக்கு அக்கறை என்று அவர் நினைத்தார். அவர் பஸ்ஸில் வந்து இறங்கினால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் என் கவலை. அரைமணி கழித்து இன்னொரு பஸ்ஸும் போனது. அதற்கும் பத்து நிமிஷம் என்றேன். ஒரு மனுஷன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்போது இரண்டு பஸ்ஸை விட்டவன் நான். பிற்பாடு பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டேன். அதனால் இங்கேயும் சொல்லலாம்.

சார்ஜ் காட்டும் முள் நகரவே இல்லை. சீட்டைத் தூக்கிப் பார்த்த மேஸ்திரி, "பேட்டரில தண்ணியே இல்ல சார். காஞ்சி கெடக்குது" என்றார். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, எனக்கு அது நன்றாகத் தெரியும். அங்கே அதற்கு எங்கே போவது? மேஸ்திரி ஒரு கேனைக் கொண்டுவந்தார். "கைப்பம்புத் தண்ணி. நாங்க இதத்தான் குடிக்கிறோம்."

எங்கள் கடற்கரையில் தண்ணீரை நாக்கில் வைத்துத்தான் தரம் பார்ப்போம். நானும் ஒரு சொட்டு நாக்கில் விட்டேன். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரையே குடித்த நாக்கு அது. கடல் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் அதற்கு இளநீர்தான்.

"நல்ல தண்ணி" என்றேன்.

உள்நாட்டுக் கிராமத்தில் ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்த சாமியார் தானும் கொஞ்சம் வாயில் விட்டுப் பார்த்துத் துப்பினார். "உப்பு கரிக்குதேப்பா."

"இல்ல ஃபாதர், வெயில்ல நாக்கு வறண்டுபோனா அப்படித்தான் இருக்கும்" என்றேன். (ஒரு பட்டதாரியின் விஞ்ஞான விளக்கம்.)

எல்லா பேட்டரிக்கும் ஊற்றிவிட்டு மறுபடி பிளக் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த உப்பிலிருந்து குளோரின் கிளம்பி, கொட்டகை முழுக்க பிளீச்சிங் பவுடர் நாற்றம் அடித்தது. எங்கேயோ 'டப்' என்றது. கார் செத்தது. கூடவே கொட்டகை ஃபியூஸும் போய், உப்பளத்து மோட்டாரும் நின்றது. சாமியார் இருமிக்கொண்டே வெளியே போய்த் தலைகீழாகக் கிடந்த ஒரு கூடைமேல் உட்கார்ந்தார். மேஸ்திரி திட்டவில்லை. பாத்தியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மணி நாலரை. மாமனார் போய்விட்டால் ஸ்டெல்லாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்ததும் ரோட்டுக்கு ஓடினேன். கண்ணில் பட்ட வண்டிக்கெல்லாம் கைகாட்டினேன். ஒரு உப்பு லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தது ஏழுமலை. ஒரு காலத்தில் மாமனாரிடம் கிளீனராக இருந்தவர், இப்போது சொந்த லாரி வைத்திருப்பவர். பக்கத்தில் ஜோசப். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கைப் பலகையில், தலையணை வைத்து, என் மாமனார்.

"மாமா, நீங்க எதுக்கு...?"

"அரைமணின்னு சொன்னியாம். உன் அரைமணி எனக்குத் தெரியும் மாப்ள" என்றார். மூச்சு வாங்கியது. "சாமி எங்க?"

சாமியாரை நானும் ஏழுமலையும் தோள்கொடுத்து லாரிக்குள் ஏற்றினோம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போடும் ஊதா நிறத் தோள்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் தள்ளி வந்து நின்றோம். கண்ணாடி வழியே, சாமியார் குனிந்து கேட்பது தெரிந்தது. வெகுநேரம் கேட்டார். பிறகு சாமியார் பேசினார். அப்போது மாமனார் அழுதார். ஜோசப் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஞானஸ்நானம் வாங்கிய அந்தப் பிள்ளை அவன்தானே.

எண்ணெய் பூசி முடிந்ததும் மாமனார் எங்களைக் கூப்பிட்டார். குரல் தெளிந்திருந்தது. "'அன்னிக்கு நான் காத்திருந்திருக்கணும்'னு சாமியே சொல்லிட்டாருடா" என்றார் ஜோசப்பிடம். அப்புறம் என் பக்கம் திரும்பி, "கயிறு கட்டுங்க. மாப்ள வண்டிய இங்க உட்டுட்டுப் போறது நல்லால்ல" என்றார்.

லாரிக்குப் பின்னால் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பினோம். கயிறு அறுந்துவிடக்கூடாது என்று ஏழுமலை ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். பாதுகாப்புக்கு ஹெட்லைட்டையும் போட்டுக்கொண்டார். முன்சீட்டில் வெள்ளை அங்கியும் தோள்துண்டுமாகச் சாமியார். பின்னால் வெள்ளைக் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான், அழாத குறையாக. லாரி அந்தோணி இன்றைக்கோ நாளைக்கோ என்பது பத்து நாளாக ஊருக்கே தெரிந்த விஷயம். மரக்காணம் கடைவீதிக்கு எங்களைப் பார்த்ததும் வேறெதுவும் தோன்றவில்லை.

முதலில் மளிகைக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். அடுத்தடுத்த கடைகளும் இறக்கின. தலையில் கட்டியிருந்த துண்டை ஆட்கள் அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். நாலைந்து பேர் என் காருக்குப் பின்னால் நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். நான் கண்ணாடியை இறக்கி, "இல்லீங்க, இல்லீங்க" என்று கையை ஆட்டினேன். துக்கம் தாங்காமல் பேசுகிறான் என்று ஒருவர் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். பூக்கடைக்காரர் ஓடி வந்து பானெட்மேல் ஒரு ரோஜா மாலையை வைத்தார். கோயிலில் மணி அடிக்கும் கோயில்பிள்ளைக்கு யார் போய்ச் சொன்னார்களோ, துக்க மணி அடிக்க ஆரம்பித்தது.

லாரிக்குள் நடந்ததை ஜோசப் பிற்பாடு சொன்னான். மாமனார் காதைத் தீட்டிக்கொண்டு, "யாருக்கு சாமி மணி அடிக்கிறாங்க?" என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் பாவசங்கீர்த்தனம் கேட்டு முடித்த சாமியாருக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "உனக்குத்தான்யா" என்றிருக்கிறார். பத்து நாளாகச் சிரிக்காத மனுஷன் இருமல் வருகிறவரைக்கும் சிரித்தாராம்.

மணிச் சத்தம் கேட்டு ஸ்டெல்லா தலைவிரிகோலமாக வாசலில் நின்றாள். லாரிக்குள் உட்கார்ந்திருந்த அப்பாவையும், மாலை போட்ட காருக்குள் இருந்த என்னையும் பார்த்தாள். "மொதல்ல எங்கப்பாவ எறக்குங்க. அப்புறமா உங்களப் பேசிக்கிறேன்" என்றாள். அந்தப் பேச்சு இன்றுவரை முடியவில்லை.

மாமனார் இன்னும் பதினோரு நாள் இருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் தன் மணியைத் தானே கேட்ட கதையைச் சொல்லிச் சொல்லி, ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். ரபேல் சாமியார் வேனில் வந்து பூசை வைத்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைவீதி வழியாகப் போனோம். எந்தக் கடையும் ஷட்டரை இறக்கவில்லை. மளிகைக்கடைக்காரர் ஷட்டரில் ஒரு கையை வைத்தபடி தயங்கி நின்றார். பிறகு இறங்கி வந்து, என் காதோரம், "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. இந்தத் தடவ நெஜம்தானே?" என்று கேட்டார். பின்னால் அழுதுகொண்டே வந்த ஸ்டெல்லாவுக்கு அது கேட்டுவிட்டது. அழுகைக்கு நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. "நெஜம்தாண்ணே. எறக்குங்க" என்றாள். தெரு நீளத்துக்கும் ஷட்டர்கள் இறங்கின.

இன்றைக்கு எங்கள் மகள் பேட்டரி கார்தான் வைத்திருக்கிறாள். சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓட்டுகிறாள். எங்கே நிற்கும், எங்கே பிளக் இருக்கும் என்று பார்த்துக்கொண்டுதான் கிளம்புவாள். ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்து, "வந்துட்டேம்பா" என்பாள். ஸ்டெல்லா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "நெஜம்தானேடி?" என்பாள். மூன்று பேரும் சிரிப்போம்.