கரையிலேயே ஆறு பனிக்காலம்

எதையும் கற்றுக்கொண்டே இருப்பவர்கள் என்றொரு இனம் உண்டு. கற்று முடிப்பவர்கள் வேறு இனம். அவர்களிடம் கேலி செய்ய ஒன்றும் இல்லை, விட்டுவிடுவோம். நம் ஆள் எஸ்கோ. வடக்கே பனிநாட்டில் குவோப்பியோ என்ற ஊர்ப் பக்கம். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பது எப்படி என்று பனிக்காலந்தோறும் ஊர் நூலகத்தில் மாலை வகுப்பு நடக்கும். ஆறு வருஷமாக முதல் வரிசை அவருடையதுதான்.

அவருக்குத் தெரியாதது உண்டா? பெர்ச் மீன் எந்த மாதம் எந்த ஆழத்தில் மேயும் என்று தெரியும். துளைக்கருவியின் அலகை எந்தக் கல்லில் தீட்டலாம் என்று தெரியும். சமையலறை நடுவே வாளித் தண்ணீர் வைத்து, முக்காலியில் அமர்ந்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தூண்டிலைத் துள்ளவிடுவார், மனைவி லெம்பி அவரைச் சுற்றித் தரை துடைத்துக்கொண்டு போவாள். பனி உடைந்து தண்ணீரில் விழுந்தால் குத்திப் பிடித்து ஏறுவதற்கென்று கழுத்தில் மாட்டும் இரண்டு ஆணிகளை நூலகத்துக்கே மாட்டிக்கொண்டு வருவார். புழு குளிரில் விறைக்காதபடி உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் பழைய ஆட்களின் வித்தையும் பழகியாயிற்று. புழுவுக்குப் பதில் அரிசியை வைத்து.

ஒன்றுதான் பாக்கி. ஏரிக்குப் போனதில்லை. வகுப்பு ஏரிக்குப் போகும் நாளில் மட்டும் தவறாமல் சளி பிடித்துக்கொள்ளும். பனிமேல் கால் வைக்கப் பயம். லெம்பிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

இந்த வருஷம் வகுப்பாசிரியை பிர்க்கோவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"எஸ்கோ, நாளைக்கு எல்லாரையும் ஏரிக்கு நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"போய் உண்மையச் சொல்லிடுங்களேன்," என்றாள் லெம்பி.

"ஆறு வருஷ மரியாதைடி!"

மறுநாள் எட்டுப் பேர் கரையில் நின்றார்கள். எஸ்கோ கடப்பாரையால் ஓரத்துப் பனியைத் தட்டினார். 'ணங்' என்றது. காதைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி தட்டினார். கெட்டிப் பனி, பொய்ப் பனி, பனியின் குணம் என்று முக்கால் மணி நேரம் பேசினார்.

"ஆக, இன்னைக்குப் பனி தாங்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது."

அந்த நேரம் பார்த்து, எதிர்க்கரை ஆசாமி ஒருவர் காரிலேயே ஏரியைக் கடந்து வந்து, கையசைத்துவிட்டுப் போனார்.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ரித்வா கால்களை உதறிக்கொண்டாள். "எஸ்கோ, எனக்கு விரலெல்லாம் மரத்துப்போச்சு. நீங்க எங்க உட்காருவீங்கன்னு மட்டும் காட்டுங்க, நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்."

"நான் இங்கேருந்தே மேற்பார்வை பார்க்கறேன்."

எட்டுப் பேரும் அவரையே பார்த்தார்கள். ரித்வா மெதுவாகக் கேட்டாள்:

"ஒரு தடவகூட போனதில்லையா?"

"இல்ல."

சொன்னதும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வானம் இடிந்து விழவில்லை.

"அட, நானும் போனதில்ல! இதுக்கா இந்தப் பாடு? வாங்க, கையப் பிடிங்க. விழுந்தா சேர்ந்து விழுவோம். உங்ககிட்டதான் ஆணி இருக்கே."

போனார். கண்ணை மூடிக்கொண்டு முதல் பத்தடி, அப்புறம் திறந்துகொண்டு. துளை போட்டார்கள். மணிக்கட்டு நடுங்கிய நடுக்கத்தில் தூண்டில் தானாகவே துள்ளியது. விரல் நீளத்தில் ஒரு பெர்ச் மாட்டியது. எஸ்கோ போட்ட சத்தத்தில் மிச்ச மீனெல்லாம் எதிர்க்கரைக்கு ஓடியிருக்கும்.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? மறுவாரமே, மீனைப் புகையில் வாட்டும் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டார். முதல் வரிசை. எந்த மரத்துச் சுள்ளி நல்ல புகை தரும் என்று நோட்டு நிறைய எழுதியாயிற்று. அந்தப் பொடிமீன் உறைபெட்டியில் காத்திருக்கிறது. இன்னும் ஐந்தாறு வருஷத்தில் எப்படியும் அடுப்பைப் பார்த்துவிடும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் அலமாரியில் உறை பிரிக்காத புல்லாங்குழலோ, முதல் பாடத்திலேயே மடித்து வைத்த இந்திப் புத்தகமோ இல்லையென்று லெம்பி மாதிரி உங்களை அறிந்த ஒருவர் முன்னால் சொல்லிப் பாருங்கள். தவிர, ஏரியே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, பனியில் மீன் பிடிப்பதைப் பற்றி இவ்வளவு தூரம் படித்தது யார்?