மாடிக்குக் கேட்குமே

இன்றைக்கும் வீட்டு ஓனர் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. டோனர்காரரின் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு மாடியேறிப் போய்விட்டார்.

பிரிண்டருக்கு மைப்பொடி நிரப்புவது டோனர்காரரின் பிழைப்பு. ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, கை கறுத்து, இடுப்பு விட்டுப்போய் வீடு வந்தாலும் போன் விடாது.

"நீங்க பேசுறது அப்படி," என்றாள் மனைவி. "'பவுடர் வந்துருச்சு, சுத்தமான சரக்கு, ஆள் வச்சுக் குடுத்தனுப்புறேன்'னா, மேல இருக்கிற மனுஷன் என்ன நினைப்பார்?"

"மைன்னு நினைப்பார்."

"உங்க மூஞ்சியப் பாத்தா அப்படித் தோணாது."

"நேர்ல போய்ச் சொல்லிடட்டுமா?"

"யாரும் கேக்காமலே போய் 'நான் கஞ்சா விக்கலை'ன்னு சொன்னா எவன் நம்புவான்?"

குடிவந்து ஒரு மாதந்தான் ஆகிறது. வாடகை பேசியதெல்லாம் ஓனரின் மனைவிதான். இன்னொரு முறை மூட்டை கட்டினால் நேரே அம்மா வீட்டுக்குத்தான் கட்டுவேன் என்று இவர் மனைவி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

அதனால் பவுடர் 'மருந்து' ஆனது.

"சார், மருந்து வச்சாச்சு. சாயங்காலத்துக்குள்ள வேலை முடிஞ்சுரும்," என்றார் போனில்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கொலைகாரன் பேசுற மாதிரி இருக்கு."

மறுநாள் ஓனர் இன்னும் கிட்டே வந்து வாயைப் பார்த்தார்.

"நீயே ஒரு வார்த்தை சொல்லு தாயே," என்றார் டோனர்காரர் மனைவியிடம். "எனக்குத் தெம்பில்லை."

"குழந்தைன்னு சொல்லுங்க. குழந்தையை யாரு தப்பா நினைப்பா?"

வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிவைத்தார். தலையெழுத்தே என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். அன்று மாலையே ஒருவர் கூப்பிட்டார். எழுத்து மங்கலாக வருகிறதாம்.

"குழந்தையை வெளிய எடுங்க சார். ரெண்டு பக்கமும் பிடிச்சு நல்லாக் குலுக்குங்க. அழுத்தி உள்ள தள்ளிக் கதவைச் சாத்துங்க. அப்பவும் சரிவரலையா, குப்பையில போட்டுருங்க. வேற குழந்தை தரேன்."

மேலே நாற்காலி விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஓனரின் மனைவி மூச்சு வாங்க வந்து கதவைத் தட்டினார்.

"அம்மா, அது மை. பிரிண்டர்ல போடுறது," என்றார் டோனர்காரர்.

"ஒரு மாசமா பவுடர், சரக்கு, மருந்துன்னு பேசுனதும் அதேதாம்மா," என்றாள் மனைவி.

"அதெல்லாம் யாரு கேட்டா?" என்றார் அந்த அம்மாள். "அவருக்குப் பத்து வருஷமாக் காது கேக்காது. இப்பத்தான் மெஷின் மாட்டிவிட்டேன். முதமுதல்ல காதுல விழுந்ததே, நீங்க குழந்தையைக் குப்பையில போடச் சொன்னதுதான்."